பாரை பிடிக்க ஒரு தடி

வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டு பத்து. திருகோணமலையில், துறைமுகப் பக்கம் இறங்கும் வீதியில், இழுத்துப் பூட்டியிருந்த ஒரு கடையின் முன்னால் நின்று என் மகளின் எண்ணை அழுத்தினேன். தகரக் கதவுக்கு உள்ளேயிருந்து அவளுடைய தொலைபேசி அடித்தது.

நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தேன். மறுபடியும் உள்ளேதான் அடித்தது. கதவைத் தட்டினேன். "ஆரணி! ஆரணி!" என்று கூப்பிட்டேன். உள்ளே ஆள் அசைகிற சத்தமே இல்லை.

நாங்கள் வவுனியாவிலிருந்து வந்தவர்கள். அன்று விடிய ஐந்தே முக்கால் பேருந்தில் ஏறி, ஹொரவப்பொத்தானை வழியாக நூறு கிலோமீட்டர் போல வந்து, ஒன்பது மணிக்குச் சற்று முன் இறங்கியிருந்தோம். வந்த காரியம் ஒரு தூண்டில் தடி வாங்குவது. ஆரணிக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறாள். எங்கள் ஊர்க் குளத்தில் விரால் பிடித்துப் பழகியவளுக்கு இப்போது கடல்மீன் வேண்டுமாம். அதிலும் பாரை. பத்து, பதினைந்து கிலோ வளர்கிற மீன். இழுத்தால் ஆளைச் சோதிக்கும் என்று அவளே பெருமையாகச் சொல்வாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டில் யாருக்கும் நீந்தத் தெரியாது.

கடைக்காரர் நௌபர் நானா கலகலப்பான மனிதர். எங்களைக் கதிரையில் இருத்தி, மூன்று தடிகளை முன்னால் வைத்தார்.

"இது ஏழடி. போட்டில இருந்து எறிய நல்லம். கரையில நிண்டு எறியிறதெண்டா ஒம்பதடி வேணும். தங்கச்சி எங்க நிண்டு எறியப் போறீங்க?"

"கல்லில நிண்டு," என்றாள் ஆரணி.

"ஜெட்டியில நிண்டு," என்றேன் நான். படகு கட்டும் துறைமேடையில் கால் வழுக்காது.

நானா சிரித்தார். "ரெண்டுக்கும் ஒம்பதடிதான். சண்டை வேணாம்."

ஒன்பதடியில் இரண்டு இருந்தன. ஒன்று கண்ணாடி நாரில் செய்தது. விரல் பருமனில் மொத்தமான தடி, நல்ல பாரம், கல்லில் அடிபட்டாலும் தாங்குமாம். மற்றது கார்பன். பாதிப் பாரம்கூட இல்லை. நுனி ஈர்க்கு மாதிரி வளைந்தது, அடிப்பகுதி மட்டும் விறைப்பாக நின்றது. அதன் விலை பதினெட்டாயிரத்து ஐந்நூறு. எனக்கு விலை பிரச்சினையாக இருக்கவில்லை. அந்த வளைவுதான் பிரச்சினை.

"மொத்தமானதை எடு. இது முறிஞ்சிடும்," என்றேன்.

"அம்மா, அதை நாள் முழுக்க எறிஞ்சா தோள் கழண்டிடும். வளையிறது முறியிறதில்லை."

கடையில் வேலை செய்யும் ஸ்டெல்லா அக்கா, நாற்பது வயது இருக்கும், தூண்டில்களை நூலில் கட்டியபடியே, "பாரை கொளுவினா தடி முறிஞ்சாலும் பரவாயில்லை. முறியாட்டித்தான் ஆளை இழுத்துக்கொண்டு போயிடும்," என்றா. நானாவும் ஆரணியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பகிடி என்று எனக்கும் தெரியும். ஆனால் என் காதுக்குள் 'இழுத்துக்கொண்டு போயிடும்' என்பது மட்டும் நின்றுவிட்டது.

தலையிடி தொடங்கியது. "உன்ர விருப்பம், எதையாவது எடு," என்று சொல்லிவிட்டு, பைகளை விடுதியில் வைத்து ஒரு மணித்தியாலம் படுத்திருந்து வர எழுந்து போனேன். திரும்பி வந்தபோதுதான் அந்தப் பூட்டிய கதவு.

பக்கத்து மருந்துக்கடைப் பிள்ளை என் சத்தம் கேட்டு வெளியே வந்தாள்.

"இண்டைக்கு வெள்ளியெல்லோ அன்ரி, நானா ஜும்மாவுக்குப் போட்டார். ரெண்டு மணியாகும் திறக்க."

"என்ர மகள்? ஒரு பெட்டை, நீலச் சட்டை?"

"ஓம், ஓம். ஸ்டெல்லா அக்காவோட போனவ. ரெண்டு தடியையும் எறிஞ்சு பாக்க மூதூர் ஜெட்டிக்குப் போறம் எண்டு சொன்னவை."

மூதூர்! குடாக் கடலின் அந்தக் கரை. தொலைபேசியை நனையாமல் கடையில் வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருத்தியோடு கடல் கடந்து போய்விட்டாள். ஸ்டெல்லாவின் எண் மருந்துக்கடைப் பிள்ளையிடமும் இல்லை. என் எண்ணை அவளிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, சந்தியில் நின்ற முச்சக்கர வண்டியில் ஏறினேன்.

"தம்பி, மூதூருக்கு. கெதியாப் போங்கோ."

ஓட்டுநர் சுதன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "முப்பத்தஞ்சு கிலோமீட்டர் வரும் அன்ரி. பஸ்சில போனா மலிவு."

"பரவாயில்லை."

நாலாயிரம் ரூபாய்க்குச் சம்மதித்தார்.

சீனக்குடா கழிந்து வெள்ளைமணலைத் தாண்டும்வரை அந்தப் பாதை அழகான பாதை என்று வேறு யாராவது எழுதலாம். எனக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. பாலத்துக் கம்பிகளில் சாய்ந்து சிலர் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனேன். நீலச் சட்டை இல்லை. எங்கள் குளத்தில் எந்தக் கரையில் நின்றாலும் கூப்பிட்ட குரல் மற்றக் கரைக்குக் கேட்கும். இங்கே யாரைக் கூப்பிடுவது?

மகளைத் தேடிப் போகிறேன் என்று வழியில் சொல்லியிருந்தேன். "மகள் நீந்துவாவோ?" என்று கேட்டார் சுதன்.

"இல்லை."

"அப்ப பயமில்லை. நீந்தத் தெரிஞ்ச ஆக்கள்தான் இறங்குவினம்."

ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனாலும் அடித்துவிடலாம் போல இருந்தது. கணவருக்குச் சொல்வோமா என்று தொலைபேசியை எடுத்தேன். அலைவரிசை இல்லை. இறால்குழி கழிந்தும் ஒரு கோடுதான் காட்டியது. நல்லதுதான், என்ன சொல்வது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒன்று ஐந்துக்கு மூதூர் இறங்குதுறையில் இறங்கினேன். நீண்டு கிடந்த கொங்கிரீட் தளத்தில் இரண்டு வள்ளங்கள், ஒரு நாய். தடி பிடித்த ஒருவரும் இல்லை. தளத்தின் விளிம்பு வரை போய்க் கீழே தண்ணீரைப் பார்த்தேன்.

பள்ளிவாசலில் இருந்து தொப்பியோடு வந்த ஒருவர் சீட்டுக் கொட்டிலின் கதவைத் திறந்தார். படகுக்குச் சீட்டுக் கொடுப்பவர். அவரிடம் ஓடினேன்.

"இஞ்ச ரெண்டு பொம்பிளையள் தூண்டில் எறிய வந்தவையோ? மூதூர் ஜெட்டிக்கு எண்டு வந்தவை."

"எங்கிருந்து?"

"திருகோணமலையில இருந்து."

அவர் என்னைப் பார்த்தார், சுதனைப் பார்த்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"மூதூர் ஜெட்டி மூதூர்ல இல்ல தங்கச்சி. அது திருகோணமலை டவுன்ல இரிக்கி. மூதூர் போட் வெளிக்கிடுற எடத்ததான் அங்க அப்பிடிச் சொல்ற. நாங்க இதச் சும்மா துறை எண்டுதான் சொல்ற."

சுதனை நோக்கித் திரும்பினேன். "தம்பி, உங்களுக்கு இது தெரியாதோ?"

"தெரியும் அன்ரி. ஆனா நீங்கள் ஜெட்டி எண்டு சொல்லேல்லையே. மூதூர் எண்டுதானே சொன்னனீங்கள். ஜெட்டி எண்டா சந்தியில இருந்து பத்து நிமிசம், நடந்தே போயிருக்கலாம்."

வெட்கத்திலும் பார்க்க நிம்மதிதான் முதலில் வந்தது. கொட்டிலுக்கு முன்னால் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நிம்மதி ஐந்து நிமிடம் நீடித்தது. பிறகு தொலைபேசி அடித்தது. மருந்துக்கடைப் பிள்ளை.

"அன்ரி, எத்தினை தரம் எடுத்தனாங்கள், லைன் கிடைக்கேல்லை. மகள் வந்தவ. நீங்கள் மூதூருக்குப் போட்டீங்கள் எண்டு சொன்னன். அவ அழுதுகொண்டு ஓடிப் போய் ஒரு மணி போட்டில ஏறிட்டா."

"ஏறிட்டாவோ?"

"ஓம் அன்ரி. ஸ்டெல்லா அக்காவும் கூடப் போனவ. அம்மாவுக்கு இடம் தெரியாது, தனிய நிப்பா எண்டு மகள் சொன்னவ."

எழுந்து கடலைப் பார்த்தேன். காலையில் கண்ணாடியாகக் கிடந்த குடா இப்போது காற்றில் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. எந்தத் தண்ணீரை நினைத்து நான் இவ்வளவு தூரம் ஓடி வந்தேனோ, அதன் நடுவில் அவளை நானே கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அவள் பாட்டுக்கு ஜெட்டியில் எறிந்துகொண்டு நின்றிருப்பாள். நான் ஒரு கதிரையை எடுத்துப் போட்டுக் கடை வாசலில் இருந்திருந்தால் போதும்.

"காத்து கூடவோ?" என்று சீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இதெல்லாம் காத்தா? வயித்தக் கொஞ்சம் குமட்டும், அவ்வளவுதான்." பக்கத்தில் வந்து நின்றார். "மகளத் தேடி நீங்க வந்தீங்க. ஒங்களத் தேடி மகள் வாறா. இனிப் பிள்ளட வாப்பா மட்டுந்தான் பாக்கி. அவரையும் ஒரு போன் போட்டு வரச் சொல்லுங்க, எல்லாரும் இங்கயே இரிக்கலாம்."

சுதன் சத்தமாகச் சிரித்தார். போகச் சொல்லியும் அவர் போகவில்லை. "ஆள் வந்து சேரட்டும் அன்ரி," என்று சொல்லி எனக்கு ஒரு பிளேன்டீ வாங்கி வந்தார். நான் குடிக்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டே நின்றேன்.

முதலில் ஒரு புள்ளி. அது சில வேளை தெரிந்தது, சில வேளை அலைக்குள் போனது. போகும் ஒவ்வொரு தரமும் நான் தளத்தின் விளிம்புக்கு ஓரடி நகர்ந்தேன். "அது போட்தான், தாழல்ல," என்றார் சீட்டுக்காரர், நான் கேட்காமலே.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன் படகின் மூக்குத் தெரிந்தது. ஆட்களின் முகம் தெரிவதற்கு முன் அவர்களின் தலைகளுக்கு மேலே இரண்டு தடிகள் தெரிந்தன. மொத்தமானது அசையாமல் நின்றது. மற்றது ஒவ்வொரு காற்றுக்கும் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. அதைப் பிடித்திருந்த கை நீலச் சட்டைக் கை.

படகு தளத்தில் மோதி நின்றது. ஸ்டெல்லா அக்கா முகம் வெளிறி, வாயில் சேலைத் தலைப்போடு இறங்கினா. அவவுக்குப் பின்னால் ஆரணி, தலை முதல் கால் வரை உப்புத் தண்ணீர். நான் வாயைத் திறந்தேன். என்னவெல்லாமோ சொல்ல இருந்தது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்த வளைகிற தடியை என் கையில் திணித்தாள்.

"முதல் ஒருக்கா எறிஞ்சு பாருங்கோ அம்மா. பிறகு ஏசுங்கோ."