அத்தைக்கு வந்த காய்ச்சல்

அத்தையின் மணிக்கட்டில் கட்டியிருந்த நீல பிளாஸ்டிக் பட்டைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பில்லைக் கட்டித் தீர்த்த பிறகே அதைக் கத்தரிப்பார்கள். அதுவரை காவலாளி வெளியே விடமாட்டார். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்த பெண்மணியைச் சந்தை மாடு மாதிரி அடையாளம் போட்டு வைத்திருந்தார்கள்.

தேனாம்பேட்டையில், நட்சத்திர ஓட்டல் போல மணக்கும் மருத்துவமனை அது. விடாத காய்ச்சலோடு கே.கே. நகரிலிருந்து அத்தையை நான்தான் அழைத்துப்போனேன். உடம்புக்கு என்ன என்பதற்கு முன்பே, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டாள் வரவேற்பில் இருந்த பெண். இருந்தது. பென்ஷனில் மிச்சம்பிடித்து அத்தை வருடம் தவறாமல் கட்டிவந்தார். அட்டையைப் பார்த்ததும் அந்தக் கட்டடத்துக்கே அத்தைமேல் பாசம் பொங்கிவிட்டது. உடனே சேர்க்காவிட்டால் ஆபத்து என்றார் பெரிய டாக்டர். நரம்பு டாக்டர், தோல் டாக்டர், சாப்பாட்டு ஆலோசகர் என்று ஒவ்வொருவராக எட்டிப்பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வணக்கத்துக்கும் கட்டணம் உண்டென்பது பில்லில்தான் தெரிந்தது.

காய்ச்சல் விட்டதும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அனுமதிக்காக, புடவை மாற்றிக்கொண்டு சாயங்காலம்வரை கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார் அத்தை. வந்தது மறுப்பு. இந்தக் காய்ச்சலுக்கு வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டிருக்கலாம், மருத்துவமனையில் சேர்ந்திருக்கவே வேண்டாமாம். அத்தையின் முகத்தைக்கூடப் பார்க்காத யாரோ ஒரு மேதை எங்கோ ஓர் ஏசி அறையில் இதைக் கண்டுபிடித்திருந்தார்.

அது கம்பெனியின் முடிவு, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார் மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் மேசையில் டை கட்டியிருந்த இளைஞர். அத்தை குரலை உயர்த்தவில்லை.

“சேராட்டி ஆபத்துன்னு உங்க டாக்டர் சொன்னார். சேர்ந்திருக்கவே வேணாம்னு அவங்க சொல்றாங்க. ரெண்டுல ஒருத்தர் பொய் சொல்றீங்க. யாருன்னு சொல்லுங்க, பணத்தைக் கட்டிட்டுப் போறேன்.”

இளைஞர் பில்லை அத்தையின் பக்கம் நகர்த்தினார். அத்தை தன் கண்புரை அறுவைக்கென்று வைத்திருந்த டெபாசிட்டை உடைத்துக் கட்டினோம். பட்டையைக் கத்தரித்தவள் ஒரு ரோஜாப்பூவைக் கொடுத்து, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் போடுவீர்கள் என்று கேட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் வாசலில் வழுக்கி விழுந்து அத்தைக்குத் தொடை எலும்பு முறிந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே, அரசு மருத்துவமனைக்கு விடுங்கள் என்று ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லிவிட்டார். அங்கே நெரிசல், பினாயில் நெடி, அறுவைக்குக் காத்திருப்பு எல்லாம் உண்டு. ஆனால் எங்கே வலிக்கிறது என்றுதான் முதலில் கேட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த மீன்கார அம்மா, “இன்னா டீச்சரு, வலி கீதா?” என்று விசாரித்து, தன் மகளையே அத்தைக்கும் வெந்நீர் பிடித்துவரச் சொன்னார்.

மயிலாப்பூரிலிருந்து பெரியப்பா மூக்கில் கைக்குட்டையோடு தங்கையைப் பார்க்க வந்தார். நம் குடும்பத்தில் யாரும் இங்கே படுத்ததில்லை, மயிலாப்பூரில் நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று முணுமுணுத்தார். தேனாம்பேட்டை மருத்துவமனையில் முன்பு தனக்குக் கொடுத்த அறையில் சோபா போட்டிருந்ததைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தவர் அவர்.

“தெரியட்டும்ணே,” என்றார் அத்தை. “அவங்களும் வரட்டும்.”

அத்தை இப்போது கைத்தடியோடு மார்க்கெட்டுக்குப் போய்வருகிறார். பாலிசியைப் புதுப்பிக்கவில்லை. நான் என்னுடையதைத் திட்டிக்கொண்டே புதுப்பிக்கிறேன். பயந்தவன் காசில்தான் அந்த ரோஜாப்பூக்கள் பூக்கின்றன. புதுப்பிக்கும்போதெல்லாம் அரசு மருத்துவமனையின் கடைசி நாள் ஞாபகம் வரும். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார் டாக்டர். அத்தை நம்பாமல், அனுமதி வந்துவிட்டதா என்று கேட்டார்.

டாக்டருக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்து, “யார்கிட்டேர்ந்தும்மா?” என்றார்.