சஷ்டிக்கு முந்தின நாள்

புருஷன் வீட்டை விட்டுப் போன வருஷம்தான் தவமலர் கந்தசஷ்டி விரதம் பிடிக்கத் தொடங்கினாள். படகு வேலைக்கென்று கற்பிட்டிக்குப் போன யோகராசா திரும்பி வரவில்லை. அங்கே யூஜினி என்ற பெண்ணோடு குடும்பமாக இருக்கிறான் என்பது உடப்பு ஊர் முழுக்கத் தெரிந்த பிறகுதான் அவள் காதுக்கு எட்டியது. அப்போது மகனுக்கு ஒன்பது வயது.

முதல் இரண்டு வருஷம், அவர் திரும்பி வர வேண்டும் என்று முருகனிடம் கேட்டாள். அதன் பிறகு, எங்கே இருந்தாலும் சுகமாக இருக்கட்டும் என்று கேட்டாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஐப்பசி பிறந்ததும் வீடு கழுவுவாள். வருஷம் முழுக்க மீன் வெட்டும், கருவாடு காயப்போடும் வாடியில் ஆறு நாள் லீவு சொல்லிவிட்டு, கவுச்சி படாத வேலையாகப் பார்த்து வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கப் போவாள். பகலில் தண்ணீர் மட்டும். பின்னேரம் கோயிலுக்குப் போய் வந்து ஒரு கோப்பை பாலும் ஒரு பழமும். மகன் வளர்ந்து கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகும் இது நிற்கவில்லை.

பதினான்காவது வருஷம் அவளுக்கு உடம்பு ஏலாமல் இருந்தது. முழங்கால் வீங்கி, நான்காம் நாள் தோட்டத்தில் குனிந்தவள் நிமிர முடியாமல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐந்தாம் நாள் விடிய, குளித்து ஈரத்தலையோடு நிற்கையில் தொலைபேசி அடித்தது.

"அக்கா, நான் யூஜினி கதைக்கிறன்."

அந்தக் குரலை அவள் முன்பு கேட்டதில்லை.

"அவர் செத்துப் போனார் அக்கா. ராத்திரி நெஞ்சு நோகுது எண்டவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முந்தியே முடிஞ்சுது." சற்று நேரம் அழுகை மட்டும் கேட்டது. "உங்கட முறைப்படிதான் எரிக்க வேணும் எண்டு முந்தியே சொன்னவர். எனக்கு அந்த முறையெல்லாம் தெரியாது. நீங்க வருவீங்களா?"

"பாப்பம்" என்று தவமலர் தொலைபேசியை வைத்தாள். அழுகை வரவில்லை. போய் யோகராசாவின் தம்பி கேதீசிடம் சொன்னாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் கோயில் வாசலில் ஐயர் நின்றார். விஷயம் கேட்டு, கொஞ்சம் யோசித்தார்.

"தவமலர், இத்தனை வருஷமா ஒருமிக்க இல்லாத மனுசன். தம்பிக்காரன் போய்க் காரியத்தைச் செய்யட்டும். நீ சாவுத் துடக்குக் காக்காட்டியும் ஒருத்தரும் குறை சொல்ல மாட்டினம். நாளைக்குச் சூரன்போர். ஒரு நாளுக்காக விரதத்தை விடப் போறியா?"

அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். அவளுக்கும் அப்படியே திரும்பிப் போய்ப் படுத்துவிடலாம் போல இருந்தது.

"அவருக்காகத்தான் ஐயா பிடிக்கத் தொடங்கினனான்" என்றாள். "விரதம் மட்டும் என்ர, துடக்கு மட்டும் என்ர இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அவள் வாசலுக்கு வெளியே நின்றபடியே கும்பிட்டுவிட்டு நடந்தாள்.

கேதீசும் அவளும் புத்தளம் பஸ் ஏறி, பாலாவியில் இறங்கிக் கற்பிட்டி பஸ்ஸுக்கு முக்கால் மணித்தியாலம் நின்றார்கள். லொறிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. "அண்ணி, ஒரு தேத்தண்ணியாவது குடியுங்க" என்றான் கேதீஸ். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

யூஜினியின் தகரக் கூரை வீடு. பிரேதத்தைப் பலகைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். யோகராசாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வழியில் கண்டிருந்தால் அடையாளம் தெரியாமல் கடந்து போயிருப்பாள். கட்டாரிலிருந்து மகன் வந்து சேர முடியாததால் கேதீஸ் குளித்து வந்து கிரியை செய்தான். வாய்க்கரிசி போடும்போது தவமலர் ஒரு பிடி போட்டாள். பின்னால் ஒதுங்கி நின்ற யூஜினியைப் பார்த்து, "நீயும் போடு" என்றாள். யாரும் தடுக்கவில்லை.

ஆண்கள் சுடலைக்குப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். தவமலர் கிணற்றடியில் தலைமுழுகி வந்து சுவரோரம் இருந்தாள். கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. யூஜினி கஞ்சி கொண்டு வந்து வைத்தாள்.

"நீங்க விரதமெண்டு தம்பி சொன்னார். தெரிஞ்சிருந்தா நான் கூப்பிட்டிருக்க மாட்டன்."

"அது விடிய நீ சொன்னவுடனேயே முறிஞ்சு போச்சு."

"என்னில கோவமா?"

"இருந்தது" என்றாள் தவமலர். "இப்ப அதுக்கும் ஏலாது."

கஞ்சியைக் குடித்து முடித்து, அங்கேயே முந்தானையை விரித்துப் படுத்தாள். கேதீஸ் வந்து எழுப்பும்வரை நித்திரை.

அந்த வருஷச் சூரன்போரை அவள் பார்க்கவில்லை. மறுநாள் பறைச்சத்தம் வீட்டுக்குக் கேட்டது. கதவைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு, திவசத்துக்கு நாள் கேட்டபோது ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐப்பசி வளர்பிறைப் பஞ்சமி. இனி ஒவ்வொரு வருஷமும் சஷ்டி விரதத்தின் அஞ்சாம் நாள்தான் வரும்."

"அவர் எனக்கு ஒரு நாளும் லேசாக விட்டதில்லை" என்றாள் தவமலர். ஐயருக்குச் சிரிப்பதா விடுவதா என்று தெரியவில்லை.

அடுத்த ஐப்பசியில் அவள் மறுபடியும் விரதம் பிடித்தாள். ஐந்தாம் நாள், வெறும் வயிற்றோடு அடுப்படியில் நின்று ஏழு கறி சமைத்தாள். உப்புப் பார்க்கக் கேதீசின் மனைவியைக் கூப்பிட்டாள். மத்தியானம் கற்பிட்டியிலிருந்து யூஜினியும் வந்தாள். படைத்த பிறகு அவளுக்கும் இலை போட்டுப் பரிமாறியபோது, "நீங்க சாப்பிடேல்லையா அக்கா?" என்று கேட்டாள்.

"விரதம்."

"இப்ப ஆருக்காக?"

தவமலர் கறிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"தெரியேல்ல. போன வருஷம் சூரன்போர் அண்டைக்குப் பிடிக்காமல் இருந்து பாத்தன், அது இதைவிடக் களைப்பு" என்றாள். "நீ சாப்பிடு. பருப்பு விடட்டா?"