எட்டுத் துளை வளையம்

எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவின் கைப்பேசி ஒலிக்காத நாள் குறைவு. ஒலித்ததும் சோற்றுக் கையைத் தட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, இடக்கையால் எடுத்துப் பேசுவார். "கேப் என்ன கலர், கறுப்பா பிரவுனா? முனைல நம்பர் அடிச்சிருக்கும், பாருங்க. தேஞ்சுபோச்சா? சரி, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க லா, நான் பார்க்குறேன்." அப்பாவும் நானும் அதற்குள் சாப்பிட்டு முடித்திருப்போம்.

அம்மா சிங்கப்பூரில் பூன் லே பக்கம் வெல்டிங் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் கவுண்டரில் இருந்தார். பிளாஸ்மா டார்ச் என்று ஒரு கருவி உண்டு. காற்றையும் மின்சாரத்தையும் சேர்த்து ஊதி, இரும்புத் தகட்டைத் துணி கத்தரிப்பதுபோல வெட்டும். அதன் தலைக்குள் நாலைந்து சின்னப் பாகங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். வெட்ட வெட்ட அவை தேயும், மாற்ற வேண்டும். ஆனால் தன்னிடம் இருப்பது எந்தக் கம்பெனி டார்ச், எந்த மாடல் என்பது வாங்க வருகிறவருக்கே பெரும்பாலும் தெரியாது. தேய்ந்த பாகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்து, "இதே மாதிரி ஒண்ணு" என்பார்கள். அது எதன் எது என்று கண்டுபிடித்து வரவழைத்துக் கொடுப்பது அம்மாவின் வேலை. அதில் அவர் கெட்டிக்காரர். முதலாளியே சந்தேகம் வந்தால் தன்னிடம்தான் கேட்பார் என்பதை அப்பாவுக்கு வாரம் ஒருமுறையாவது நினைவுபடுத்துவார்.

எனக்கு ஒன்பது வயது. டிசம்பர் பள்ளி விடுமுறை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அம்மா வீட்டுக்கு வந்தபோது கைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. இரும்புக் கேட்டும் கைப்பிடிக் கம்பியும் செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் கொடுத்தது. அம்மா அவரை அண்ணே என்று கூப்பிடுவார். அவருடைய இயந்திரம் மூடிப்போன ஏதோ ஒரு பட்டறையிலிருந்து பழையதாக வாங்கியது. அதில் யாரோ வேறொரு டார்ச்சை மாட்டிவைத்திருந்தார்கள். மற்ற பாகங்களை அம்மா அடையாளம் கண்டுவிட்டார். உள்ளேயிருந்த வளையம் மட்டும் மூன்று கேட்டலாக்குகளில் எதிலே சேரும் என்று பிடிபடவில்லை. அதற்கு ஸ்விர்ல் ரிங் என்று பெயர். காற்றைச் சுழற்றிவிடுவது அதன் வேலை. வளையம் இல்லாமல் டார்ச் ஓடாது. பாலர் பள்ளி ஒன்றின் மாடிப்படிக்குக் கைப்பிடி செய்யும் வேலை பாதியில் நின்றது. சனி, ஞாயிறில் நிதானமாகப் பார்த்துவிடலாம் என்று அம்மா கேட்டலாக்குகளோடு அந்தப் பொட்டலத்தையும் வீட்டுக்கு எடுத்துவந்து தொலைக்காட்சி மேசைமேல் வைத்தார். மாதிரிகளைக் கடையைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கடையில் ஒரு விதி இருந்ததாம். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் செய்ததைச் செய்திருப்பேன்.

சனிக்கிழமை காலை பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கான் வளையம். விளிம்பில் முடிபோல ஒரு விரிசல். சுற்றிலும் ஊசி நுழையும் அளவுக்குத் துளைகள். என் இடது கட்டைவிரலில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. அப்படி ஒரு மோதிரத்தை நான் எந்த நகைக்கடையிலும் பார்த்ததில்லை. பள்ளிக் கைவினைப் போட்டியில் பரிசாகக் கிடைத்த நூல்பெட்டியை எடுத்துவந்து, ஒவ்வொரு துளையிலும் ஒரு நிற நூலைக் கோத்து வெளியே குஞ்சம்போல முடிச்சுப் போட்டேன். அம்மாவுக்குச் சனிக்கிழமை அரைநாள் வேலை, கடைக்குப் போயிருந்தார். அப்பா இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். அரைநாள் முழுவதும் நான் ஒரு ராணி.

திருப்பி வைத்துவிடத்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டெக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும்போது ஒரே ஒரு தடவை அதைப் போட்டுக்கொண்டு போகவேண்டும் என்று தோன்றிவிட்டது. வழியெல்லாம் இடக்கையைப் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். "கை வலிக்குதா?" என்றுகூட அப்பா கேட்டார். உணவுக்கடையில் தோசை சாப்பிட்டபின் கைகழுவும் தொட்டிக்குத் தனியாகப் போனேன். இரண்டு கைக்கும் சோப்புப் போட்டேன். வளையம் வழுக்கியது. தொட்டியின் ஓட்டையில் சல்லடை இல்லை. டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண்மணி, "பாப்பா, கொஞ்சம் சீக்கிரம்" என்றார். நான் நகர்ந்தேன். அந்த நேரத்தில் எனக்கிருந்த வருத்தமெல்லாம் நூல் போய்விட்டதே என்பதுதான்.

மாலையில் அம்மா கேட்டலாக்குகளை விரித்துவைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தார். காலி. மேசைக்கு அடியில் பார்த்தார். சோபா மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தார். கைப்பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டி ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"கடையிலயே விட்டிருப்ப," என்றார் அப்பா.

"இல்லங்க. நான்தான் கொண்டுவந்தேன். இங்கதான் வச்சேன்." காலிப் பையை மறுபடி உதறிவிட்டு, "வச்சேன்ல?" என்று அப்பாவிடமே கேட்டார்.

நான் படம் வரைந்துகொண்டிருந்தேன். சொல்லாமல் இருந்தால் அம்மா களைத்துப்போய் விட்டுவிடுவார், நாளைக்கு மறந்தும்போவார் என்று என் கணக்கு. ஆனால் அம்மா பழைய டீ-சட்டையை மாட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மத்தியானம் அப்பா குப்பைப் பையை மாடிவீட்டுக் குப்பைக் குழாயில் போட்டிருந்தார். அதோடு வளையமும் போயிருக்கலாம் என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. பதினோராவது மாடியிலிருந்து கீழே போய், எங்கள் வரிசை வீடுகளின் குப்பையெல்லாம் விழும் தொட்டியில் தேடப்போகிறார்.

"அங்க இல்லம்மா," என்றேன்.

அம்மா ஒரு காலில் செருப்போடு திரும்பினார்.

எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, சோப்பு, டக் என்ற சத்தம் வரை. அம்மா செருப்பு அலமாரிமேல் உட்கார்ந்துவிட்டார். கையுறை போட்ட கைகள் மடியில் கிடந்தன. அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது வேறு.

"எத்தனை ஓட்டை இருந்துச்சு?"

"எட்டு."

"ஆறா எட்டா? சும்மா சொல்லாத."

"எட்டும்மா. பெட்டில ஏழு கலர் நூல்தான் இருந்துச்சு. ஏழும் போட்டு இன்னும் ஒரு ஓட்டை மிச்சம். அதுக்கு மறுபடியும் சிவப்பு போட்டேன்."

அம்மா கையுறைகளைக் கழற்றினார். "நூல் நேரா வெளிய வந்துச்சா, சாஞ்சா?"

"சாஞ்சு." எந்தப் பக்கம் என்று விரலால் காற்றில் சுற்றிக் காட்டினேன். ஊசி ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து வந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதனால்தான் குஞ்சங்கள் காற்றாடிபோல அழகாக இருந்தன.

அம்மா கைப்பையிலிருந்து கொட்டிக் கிடந்த சாமான்களுக்குள் வெர்னியர் அளவுகோலைத் தேடி எடுத்து, என் கட்டைவிரலைப் பிடித்தார். "முட்டியத் தாண்டி இறங்குச்சா?" தாண்டியது, ஆனால் கொஞ்சம் இறுக்கமாக. குளிர்ந்த இரும்புத் தாடைகள் என் விரலை இருபுறமும் தொட்டன. அளவைப் பார்த்தார், மறுபடி அளந்தார், கேட்டலாக்கில் விரலை ஓட்டினார். மூன்றில் ஒன்று என் விரலுக்குப் பெரிது. ஒன்றுக்கு ஆறு துளைதான். மிச்சமிருந்ததைப் பென்சிலால் வட்டமிட்டார். அதன் பிறகுதான் திட்டத் தொடங்கினார். அது வெகுநேரம் நீடித்தது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அவர் தோள் சிரிப்பில் குலுங்கியதை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்பு அம்மா முதலாளிக்குப் போன் செய்தார். நான் மைலோ குடித்துக்கொண்டிருந்தேன். "சாரி பாஸ். நான்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன், எங்கயோ தொலைச்சுட்டேன். என் தப்புதான்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சு. அம்மா "எஸ் பாஸ்" என்று மட்டும் பலமுறை சொன்னார்.

எனக்கு அதிர்ச்சி. முந்தின நாள்தான் என் வாழ்க்கையிலேயே கஷ்டமான உண்மையை நான் சொல்லியிருந்தேன். அம்மா இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறார்! "நீங்க தொலைக்கலியே? அது பொய்தானேம்மா?" என்றேன். "பஸ் வந்துடும்," என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க அவரைவிட நான் ஒரு படி மேல் என்ற எண்ணம் எனக்கிருந்தது.

பட்டறைக்காரரிடம் அன்று மாலை வீட்டிலிருந்தே பேசினார். அவர் குரல் பெரியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது.

"அந்த மெஷின நான் ஆறு வருஷமா வச்சிருக்கேன் தங்கச்சி. எத்தனை ஓட்டைன்னு எனக்கே தெரியாது. காணாம போனதுக்கு எப்படிக் கணக்கு சொல்றீங்க?"

"எண்ணிப் பார்த்த ஆள் இருக்குண்ணே. நம்பிப் பணத்தக் கட்டுங்க. வெளிநாட்டுலேர்ந்து வரணும், வந்தா திருப்பி எடுக்க மாட்டாங்க."

விலையை அவர் இரண்டு தடவை கேட்டார். பிறகு, "சரி, போடுங்க," என்றார்.

புது வளையம் வந்துசேரப் பதினொரு நாள் ஆனது. பிறந்தநாளுக்குக்கூட நான் அப்படி எண்ணியதில்லை. அதுவரை அவருடைய ஆட்கள் கைப்பிடிக் கம்பிகளைக் கிரைண்டரால் அறுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அம்மா சொன்னார். இராத்திரிகளில் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு நூல்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்ப்பேன். சில இராத்திரி எட்டு வரும். சில இராத்திரி ஒன்பது வந்து எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. அம்மா இடக்கையால் எடுத்துக் கேட்டார். பிறகு கைப்பேசியை என் காதில் வைத்தார். உஸ்ஸென்று ஒரு சீறல், அதற்குள் தகடு வெட்டுப்படும் கரகரப்பு. "கேக்குதா? வெட்டுது லா!" என்று பெரிய குரல் கத்தியது. அம்மா என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தார். அந்தக் குட்டு எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரியில் பள்ளி திறந்தபோது அம்மாவின் வேலை மாறியிருந்தது. கவுண்டருக்கு வேறு ஒருவர் வந்திருந்தார். அம்மாவைப் பின்பக்கக் கிடங்குக்கு அனுப்பியிருந்தார்கள், பெட்டிகளை எண்ணி அடுக்கி, விலாசம் ஒட்டுவதற்கு. கிடங்கை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஆறு மணிக்கு அம்மா வீட்டில் இருந்தார். சாப்பிடும்போது யாரும் போன் செய்யவில்லை. சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டு, நானும் அவரும் கீழே போய்ப் பூப்பந்து விளையாடினோம்.

அந்த மாதம் தமிழ் வகுப்பில் 'என் தாயார்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். "என் அம்மாவுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. அதனால் இப்போது சீக்கிரமே வீட்டுக்கு வருகிறார். யாரும் அவரைத் தொந்தரவு செய்வதில்லை," என்று எழுதினேன். ஆசிரியர் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, பெற்றோர் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். ஓரிடத்தில் விட்டுப்போயிருந்த ஒற்றெழுத்தைச் சேர்த்தார். அந்த வரிகளை அப்படியே விட்டுவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.