கன்னி மூலையில் ஒரு பட்டன்

என் ஓரகத்தியைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. இதை மூடி மறைத்து எழுதிப் பிரயோசனமில்லை. அவள் நிறத்துக்காகவோ, பெங்களூர் கம்பெனிச் சம்பளத்துக்காகவோ அல்ல. அதெல்லாம் அவள் கொண்டுவந்தது, அவளே வைத்துக்கொள்ளட்டும். எங்கள் சேகோ மில் ஆபீசில் என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் திணறிய கம்ப்யூட்டரில் தடதடவென்று எடைச்சீட்டு அடித்தாளே, அதற்காக.

வாழப்பாடியில் பி.காம். முடித்துவிட்டு நாமகிரிப்பேட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். வந்த வீட்டில் அடுப்படி மாமியாருடையது. ஜவ்வரிசி காயப்போடும் களம் மாமனாருடையது. லாரி என் வீட்டுக்காரருடையது. ஆபீசில் இருந்த ஆள் நின்றுபோனதும் மாமனார் என்னைக் கூப்பிட்டு அங்கே உட்காரவைத்தார். ஜவ்வரிசிக்கு அரைக்கிற குச்சிக்கிழங்கு ஏற்றிய லாரி எடைமேடையில் ஏறி நிற்கும், நான் எடையைப் பதிந்து சீட்டு அடித்துக் கொடுப்பேன். மாமனார் வாசலில் நின்றபடி, “சாமி, சீட்டுப் போட்டாச்சா?” என்பார். எங்கள் பக்கத்தில் பெரியவர்களும் சாமிதான், பிள்ளைகளும் சாமிதான். ஆனால் ஆபீஸ் வாசலில் சாமி என்றால் அது நான் ஒருத்திதான். அந்தக் குடும்பத்தில் எனக்கே எனக்கென்று இருந்தவை அந்த நாற்காலியும் அந்தக் கூப்பாடும்.

பழைய கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் பட்டன் இடது கீழ்மூலையில் இருக்கும். அழுத்தினால் அடுக்குப் பாத்திரம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக மெனு எழும்பும். கிழங்கு மாவு படிந்து கீபோர்டில் எழுத்தே தெரியாமல் போனபோதும் என் கை எதையும் தேடியதில்லை. எது எங்கே என்று அதற்குத் தெரியும்.

மாமனாருக்கு வாஸ்துப் பித்து உண்டு. நன்றாக இருந்த மில் கேட்டைப் பெயர்த்துக் கிழக்கே வைத்தவர். ஒருநாள் என் தோளுக்கு மேலே திரையை எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். குப்பைத்தொட்டிப் படம் வலது மேல்மூலையில் இருந்தது.

“ஏஞ்சாமி, குப்பத்தொட்டிய யாராச்சும் ஈசானி மூலையில வெப்பாங்களா?”

“இது கம்ப்யூட்டருங் மாமா. இதுக்கு ஏதுங்க தெசை?”

“மேப்புல மேல வடக்குத்தான? அப்ப அது ஈசானிதான்.”

நகர்த்தினேன். அன்றைக்கு அவர் மூலை மூலையாகச் சொல்லச் சொல்ல, நான் படங்களை இழுத்து வைத்தேன். குப்பைத்தொட்டி இடது மேலே வாயு மூலைக்குப் போனது. எடைச்சீட்டுப் படம் வலது கீழே அக்கினி மூலைக்கு வந்தது. ஸ்டார்ட் பட்டன் தானாகவே தென்மேற்கே கன்னி மூலையில் இருந்ததில் அவருக்குப் பரம திருப்தி. “கன்னி மூலையில கனம் இருக்கோணும். இதச் செஞ்சவன் வெவரமானவந்தான்” என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போனார்.

அப்புறம்தான் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி அவள் வந்தாள். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை. நெட் லைன் ஆபீசில்தான் நன்றாக வரும் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் முதுகுக்குப் பின்னால் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வாள். நானும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ஒரு வருசம் அப்படியே ஓடியது. கிழங்கு வரத்து உச்சத்தில் இருந்த சமயம், பழைய கம்ப்யூட்டர் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது.

புதுசு வந்தது. பழையதில் இருந்ததையெல்லாம் கடைக்காரர் அதில் ஏற்றித்தான் அனுப்பியிருந்தார். கற்பூரம் காட்டி, குங்குமம் வைத்து, சுவிட்சைப் போட்டால் எல்லாம் தலைகீழ். பட்டன் கீழே நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அழுத்தினால் கட்டம் கட்டமாகப் படங்கள். அடுக்கு மெனு போன இடம் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது எனக்கு. வெளியே லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, “ஏனுங் அம்மிணி, கெழங்கு வண்டியிலயே மொளச்சுப்போயிருமாட்ட இருக்குதுங்க” என்றான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“அக்கா, கொஞ்சம் நவுருங்க, நான் போட்டுத் தாரேன்” என்று எழுந்து வந்தாள் அவள்.

நகர்ந்தேன். வேறென்ன செய்ய. அன்றைக்கு வரிசை மளமளவென்று தீர்ந்தது. மறுநாளும் அவளே உட்கார்ந்தாள். வாசலில் மாமனார், “சாமி, சீட்டுப் போட்டாச்சா?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், “போட்டாச்சுங் மாமா” என்றாள் அவள். அவரும் சரி என்று போய்விட்டார். கூப்பிட்டது யாரை, பதில் சொன்னது யார் என்று ஒரு கணம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு அந்த மில் கொதிகலனுக்கு விறகே வேண்டியிருந்திருக்காது. போதாக்குறைக்கு அவள், “நீங்க வேணா ஊட்டுக்குப் போயிக் கொஞ்சம் படுங்கக்கா” என்று பாசமாக வேறு சொன்னாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அவதான் போடறாளே, உனக்கென்ன கேடு?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அயோத்தியாப்பட்டணத்தில் கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டேன். பழைய முகத்தையே கொண்டுவர ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறதாம். “ஆனா எதுக்கும்மா அது? புதுசையே பழகிக்குங்க” என்று புத்தி சொன்னார். எனக்குப் பழக நேரமில்லை. நான் பழகி முடிப்பதற்குள் அந்த நாற்காலி அவள் இடுப்புக்குப் பழகிவிடும்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்கவேண்டும். காலையில் மாமனாருக்குக் காப்பி கொடுக்கும்போது மெல்ல ஆரம்பித்தேன்.

“ஏனுங் மாமா, சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. புதுக் கம்ப்யூட்டர்ல கன்னி மூல காலியாக் கெடக்குதுங்க.”

“என்னது?”

“பட்டனு அங்கிருந்து நவுந்து தெக்கால நடுவுல போயி உக்காந்துக்கிச்சுங்க.”

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் ஆபீசுக்கு நடந்தார். திரைக்கு முன்னால் குனிந்து பார்த்தார். “எமன் தெசையில கொண்டாந்து வெச்சிருக்கறானே. அதான் நேத்து மோட்டார் பொகஞ்சுது” என்றார். பிறகு அவளைப் பார்த்து, “சின்னவளே, பழையபடி எப்படி இருந்துச்சோ அப்படியே பண்ணிக் குடுத்துரு சாமி” என்றார்.

அவள் முகம் சுண்டிப்போவதைப் பார்க்கத்தான் நான் ஓரமாக நின்றேன். அது சுண்டவில்லை. “சரிங் மாமா” என்றாள். எதையோ இறக்கினாள், எதையோ அழுத்தினாள். பட்டன் கன்னி மூலைக்கு வந்தது. அழுத்திக் காட்டினாள், அடுக்கு மெனு எழும்பியது. மாமனார் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக வெளியே போனார்.

“எந்திரி கண்ணு, படமெல்லாம் நான் அடுக்கிக்கறேன்” என்றேன். அந்த வேலையாவது எனக்கு மிஞ்சும் என்று நினைத்தேன். அதற்குள் அவள் அடுக்கி முடித்திருந்தாள். குப்பைத்தொட்டி வாயு மூலையில். எடைச்சீட்டு அக்கினி மூலையில். அதற்கு மேலே, வரிசையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, என் மகள் போட்டோக்கள் இருந்த மஞ்சள் ஃபோல்டர். அதை அங்கே வைத்திருந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

“உனக்கெப்படித் தெரியும்?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கண்ணாலமாயி வந்த வருசம் பூராவும் பின்னால உக்காந்து இதையத்தானக்கா பாத்துட்டிருந்தேன். மாமா வாசல்ல நின்னு சாமீன்னா நானும் நிமுந்து பாப்பேன். உங்களத்தான் கூப்புட்டாருன்னு அப்பறம்தான் உறைக்கும். உள்ளுக்குள்ள பொசுபொசுன்னு எரியும்.”

எழுந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தன் மூலைக்குப் போய்விட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் சூடு இன்னும் அதில் இருந்தது. திரும்பி ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். வெளியே ஒரு லாரி கேட்டுக்குள் திரும்பும் சத்தம் கேட்டது.

“சாமி, சீட்டுப் போட்டாச்சா?” என்றார் மாமனார் வாசலிலிருந்து.

இரண்டு பேரும் ஒன்றாக நிமிர்ந்தோம். கண்ணாடி ஜன்னலில் அவள் வாய் திறப்பது தெரிந்தது.

“போட்டாச்சுங் மாமா” என்று நான் முந்திக்கொண்டேன். லாரி இன்னும் மேடையில் ஏறவே இல்லை.