கெட்டம்பேக்கு முன்னால் வரும் வலி

தினுஷனின் நெஞ்சுவலிக்கு ஓர் இடம் இருந்தது. கம்பளையில் பஸ் ஏறும்போது நன்றாகத்தான் இருப்பான். கெலிஓயாவில் ஜன்னலோரம் கிடைத்தால் பாட்டுக்கூட முணுமுணுப்பான். பேராதனைப் பாலம் தாண்டியதும் உள்ளங்கை வியர்க்கும். ஈரத்துணியைப் பிழிவதுபோல் நெஞ்சை எதுவோ முறுக்கும். கெட்டம்பேயில் இறங்கிவிடுவான். மிச்சத் தூரத்தை நடந்தே கடந்து, கண்டி டவுனில் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பிந்திப் போய்ச் சேர்வான்.

வீட்டில் இதற்குப் பெயர் கேஸ்டிக். "வெரளு அச்சாறு தின்னு தின்னு வயித்தப் புண்ணாக்கிக்கிட்டான்" என்று அம்மா கொத்தமல்லித் தண்ணீரை நீட்டுவாள்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை. உப்பும் உறைப்புமாய் வெரளுக்காயில் ஊறவைத்த அந்த அச்சாறு அகீலா கொண்டுவந்தது. கெட்டம்பேயில் அண்ணன் வீட்டிலிருந்து டவுனில் ஒரு புடவைக்கடைக்குப் போய்வந்தவள். பஸ் பாலம் தாண்டும்போது தினுஷன் அவளுக்கு ஒரு ரிங் கட் கொடுப்பான். மணி ஒருமுறை அடித்ததும் துண்டித்துவிட வேண்டும். அடுத்து வருவது அவன் பஸ் என்று அர்த்தம். வட்ஸ்அப் என்றால் அண்ணன் திறந்து பார்ப்பான். ரிங் கட்டில் படிக்க என்ன இருக்கிறது?

குடையை மடக்கிக்கொண்டு ஏறுவாள். பைக்குள்ளிருந்து அச்சாறுப் பொட்டலம் வரும். உறைப்பில் கண் கலங்க, சிரித்துக்கொண்டே இருவரும் டவுன்வரை போவார்கள். மழைநாளில் மூடிய ஜன்னல்களுக்குள் பஸ் முழுக்க அச்சாறின் வினாகிரிப் புளிப்பு மணக்கும். வீதியில் இன்னும் கொஞ்சம் நெரிசல் இருக்கக்கூடாதா என்றிருக்கும் அவனுக்கு.

ஒருநாள் கூட்டத்தில் போனை எடுக்க முடியவில்லை. கெட்டம்பேயில் அகீலா ஜன்னலில் அவனைப் பார்த்தாள். ஏறவில்லை. பஸ் நகர்ந்ததும் போன் அடித்தது.

"பக்கத்துல யாரு ஒக்காந்திருந்தா?"

"எனக்கென்ன தெரியும்? யாரோ டிக்கெட் எடுத்தவங்க."

"சிரிக்காத தினு. ரிங் வரலைன்னா நீ செத்துட்டன்னு நெனக்கிறேன். இல்லாட்டி வேற ஒருத்தி."

பிறகு கம்பளையில் ஏறும்போதும் ஒரு ரிங் வேண்டும், கெலிஓயாவிலும் வேண்டும் என்றானது. தவறினால் நாட்கணக்கில் பேச்சில்லை. இன்று ஏறுவாளா, மாட்டாளா என்று ஏங்கியே பாலத்தருகில் அவனுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. அகீலா கல்யாணமாகிக் குருநாகலுக்குப் போய்விட்டாள். வலி மட்டும் கெட்டம்பேயிலேயே தங்கிவிட்டது.

"இன்னொரு நாள் பிந்தினா, வீட்டுலயே நின்னுக்க" என்று முதலாளி சொன்ன அன்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"வலி வாறது சாப்பிட முன்னுக்கா, பிறகா?" என்று டொக்டர் கேட்டார்.

"கெட்டம்பேக்கு முன்னுக்குங்க."

பேனை நின்றது. "பஸ்ஸ விட்டுட்டு ரயில் கோச்சில போனா?"

"வராதுங்க. ஆனா வேலை நேரத்துக்குத் தோதா கோச்சி இல்ல."

"அப்ப இது வயிறு இல்ல தம்பி. பயம்."

ஊர்க்காரர் கண்ணில் படாமலிருக்கத் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு மனநலக் கிளினிக்குக்கும் போனான். அடுத்தமுறை இறங்காமல் இருந்து பாருங்கள், ஏறின பயம் தானாகவே இறங்கும் என்றார்கள் அங்கே. கடையில் கூட வேலை செய்யும் ருக்கியாவிடம் மட்டும் சொன்னான்.

"அல்லாவே! கேஸ்டிக்னு செல்லி என்ட இஞ்சி பிளேன் டீய எல்லாம் குடிச்சு முடிச்சியேடா!"

மறுநாள் பஸ் பாலம் தாண்டியது. கை வியர்த்தது. பெருவிரல் பழக்கத்தில் போனைத் தேடியது. யாருக்குக் கொடுப்பது? ருக்கியாவின் பெயரை அழுத்தினான். துண்டிப்பதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"எங்க ஈக்கிற?"

"கெட்டம்பே வருதுக்கா."

"எறங்கப் போறியா?"

பஸ் நின்றது. தரிப்பிடத்தில் ஒரு குடை மடங்கியது. அகீலா இல்லை. அவளாக இருந்துவிடக்கூடாதே என்று பயந்தவனுக்கு, அவள் இல்லையே என்றும் வலித்தது. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு அவன் கம்பியைப் பிடித்திருந்தான்.

"சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்."

"பாரு, பாரு. பாக்கிறதுக்கு எறங்கத் தேவல்லயே."

பஸ் கிளம்பியது. குடை பின்னால் சிறிதாகிப் போனது. நெஞ்சின் முறுக்கு உடனே விடவில்லை; டவுன் நெருங்க நெருங்கத்தான் இழையிழையாகத் தளர்ந்தது. நாக்கின் ஓரத்தில் பழைய உறைப்பு.

"அக்கா, வரும்போது வெரளு அச்சாறு வாங்கிட்டு வரவா?"

"கேஸ்டிக்காரன் பேசுற பேச்சா இது? வா, நேரத்தோட வா."