எரிக்க விடாத டொக்டர்

டொக்டர் தவமலர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவன், அவர் சாகவேண்டும் என்று ஐந்து வருடமாக நேர்ந்துகொண்டிருந்தவன். நேரே என்னிடம் சொல்லவில்லை. பிணையில் விடும்போது என்னோடு ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது என்று மன்று அவனுக்குச் சொல்லியிருக்கிறது. ஆகவே காலையில் தன் வளவுக்குள் நின்றபடி, மனைவிக்குச் சொல்வதுபோல, வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்குக் கேட்கும்படி குரலை உயர்த்திச் சொன்னான்.

"கேட்டியே, நெல்லியடி டொக்டர் போட்டாவாம். இனி ஆர் வந்து சாட்சி சொல்லுறது?"

நான் வாழைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன். மோட்டரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய் டொக்டரின் தம்பி மகேந்திரனுக்குப் போன் எடுத்தேன். செய்தி உண்மைதான். முதல் நாள் பின்னேரம் தலையிடி என்று படுத்தவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சில மணித்தியாலத்தில் போய்விட்டார். போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் இருந்து அழுதேன். சத்தம் வேலி தாண்டக்கூடாது என்று சீலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு அழுதேன். அந்தச் சந்தோஷத்தை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறோம், நீங்களும் இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று மகேந்திரன் கேட்டார். "அக்காவின்ரை நல்ல குணங்களைப் பற்றி எழுதினால் காணும். வழக்கு விசயம் வேண்டாமே" என்றும் சொன்னார். வழக்கை விட்டால் எனக்கும் அவருக்கும் வேறு தொடர்பே கிடையாது என்று நான் சொன்னேன். நாங்கள் ஒன்றாகப் படிக்கவில்லை, ஒரு கோயில் திருவிழாவில்கூடச் சந்திக்கவில்லை. பிரேத அறை வாசலில் சந்தித்தவர்கள் நாங்கள். அப்படியென்றால் பெயர்களைப் போடாமல் எழுதுங்கோ என்றார் மகேந்திரன். சரி, போடவில்லை. எங்கள் நீர்வேலியில் எல்லாருக்கும் தெரிந்த பெயரை அச்சடித்து மையை வீணாக்கவும் வேண்டாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் உப தபால் அதிபராக இருந்து ஓய்வுபெற்றவள். என் தம்பி குகன் வாழைத்தோட்டம் செய்தவன், கலியாணம் கட்டாதவன். நாங்கள் இருவரும் ஒரே வளவில் இருந்தோம். பக்கத்து வளவு எங்கள் பெரியப்பாவின் மகனுடையது. சின்ன வயதிலிருந்து நான் அவனை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள வேலியை அவன் ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் கதியால் தடிகள் கொஞ்சம் எங்கள் பக்கம் நகரும். குகன் நில அளவையாளரைக் கூட்டிவந்து அளந்தான். மூன்று அடி போயிருந்தது. சண்டை வந்தது, பெரிய மனிதர்கள் வந்து பேசினார்கள், முடிந்தது என்று எல்லாரும் நினைத்தோம். பத்தாம் நாள் காலை குகன் எங்கள் தோட்டக் கிணற்றுக்குள் மிதந்தான்.

கால் வழுக்கி விழுந்துவிட்டான் என்று ஊர் சொன்னது. நானும் அதையே நம்பினேன். பொலிஸ் வந்து உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. சட்ட வைத்திய அதிகாரி டொக்டர் தவமலர் பரிசோதனையை முடித்து வெளியே வந்தபோது நான் வாசலில் நின்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவர் சொன்னது இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

"அம்மா, தலையிலை ஒரு காயம் இருக்கு. விழுந்து வந்ததோ, அடிச்சு வந்ததோ எண்டு எனக்கு இப்ப சொல்லத் தெரியேல்லை. தெரியாத வரைக்கும் எரிக்க விட ஏலாது. புதைக்கச் சொல்லி நீதவானுக்கு எழுதப் போறன்."

எங்கள் குடும்பத்தில் எவரையும் புதைத்ததில்லை. தம்பியை வெட்டிப் பிளந்ததும் போதாமல் மண்ணுக்குள் போடச் சொல்கிறாளே என்று எனக்குத் தலை சுற்றியது. கத்தினேன். அந்த வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், "உனக்குக் குடும்பம் எண்டு ஒண்டு இருந்தால்தானே தெரியும்" என்றேன். அவர் மணம் முடிக்காதவர் என்பதை அங்கே நின்ற ஒருத்தி எனக்குச் சொல்லியிருந்தாள். டொக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "நீங்கள் காலமையிலையிருந்து ஒண்டும் குடிக்கேல்லைப் போலை" என்று சொல்லி, ஓர் ஊழியரிடம் எனக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தத் தேத்தண்ணியை நான் நிலத்தில் ஊற்றினேன்.

என்னைவிடப் பெரிதாகக் கத்தியவன் அண்ணைதான். முதல் நாள் தொடக்கம் தான் கொடிகாமத்தில் மகள் வீட்டில் நின்றதாகவும், உடல் ஆஸ்பத்திரிக்குப் போனபிறகே செய்தி கேட்டு ஓடி வந்ததாகவும் எல்லாருக்கும் சொன்னான். பொலிசுக்கும் அப்படியே வாக்குமூலம் கொடுத்தான். பந்தல், பெட்டி, ஐயர் எல்லாவற்றையும் அவனே ஒழுங்கு செய்தான். குகனின் தலையைச் சுற்றித் துணி கட்டி, அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் தந்தார்கள். நாங்களும் அவிழ்க்கவில்லை. சுடலையில் ஒரு மூலையில் கிடங்கு வெட்டிப் பெட்டியை இறக்கியபோது, "என்ரை தம்பியை நெருப்புக்கும் குடுக்க விடாமல் செய்திட்டாளே" என்று அவன் மண்ணில் விழுந்து அழுதான். நான் அவன் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னேன். அந்தக் கையை எத்தனை தரம் கழுவியும் எனக்குப் போதவில்லை.

அடுத்த கிழமை அவன் என்னிடம் வந்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் எப்படியாவது உடலை எடுத்து எரிக்கவேண்டும், டொக்டருக்கு எதிராக மனு எழுதுவோம் என்றான். "உன்ரை எழுத்து வடிவு, பிள்ளை. நான் சொல்லுறன், நீ எழுது." முப்பது வருடம் தபாற் கந்தோரில் இருந்தவள் அல்லவா, எனக்கும் அதில் ஒரு பெருமை. அவன் சொல்லச்சொல்ல இரண்டு பக்கம் எழுதினேன். இந்துக்களின் மனதைப் புண்படுத்திய டொக்டர், அனுபவம் குறைந்த டொக்டர், சிறு காயத்தைப் பெரிதாக்கிய டொக்டர் என்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டதும் நான், பதிவுத் தபாலில் அனுப்பியதும் நான். மேலதிகாரிகளுக்கு ஒன்று, மன்றுக்கு ஒன்று.

அந்த மனுவால் டொக்டருக்கு வந்த இடைஞ்சல் கொஞ்சநஞ்சமில்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பத்திரிகையில் செய்தி வந்தது. அவருடைய அம்மாவிடமே போய், மகள் சைவச் சுடலையில் பிணம் புதைக்க வைத்தவளாமே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டவர்களில் சிலர் இந்த மலரையும் கையில் வைத்திருப்பீர்கள். வாசியுங்கள்.

ஒரு மாதம் கழித்து டொக்டர் தன் அறைக்கு வரும்படி எனக்குச் சொல்லியனுப்பினார். சண்டை பிடிக்கத் தயாராகத்தான் போனேன். ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் குறிப்பெழுதும் கொப்பியோடு அங்கே இருந்தார். மேசையில் என் மனு கிடந்தது.

"எழுத்து நல்ல வடிவு, அம்மா" என்றார் டொக்டர். குத்தலாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே சொன்னார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். "இதைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்கோ."

வாசித்தேன். 'கிணற்றில் விழும்போது இடது காதின் பின்புறம் பம்புக் குழாய் பட்டதால் உண்டான சிறு காயத்தை…'

"இடது காதுக்குப் பின்னாலை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள்தானே சொன்னீங்கள்."

"இல்லை. தலையிலை காயம் எண்டுதான் சொன்னனான். எந்தப் பக்கம் எண்டு சொல்லேல்லை. என்ரை அறிக்கை இன்னும் மன்றுக்குப் போகேல்லை. அந்த இடத்திலை முடி அடர்த்தி. வழிச்சுப் பாத்தாப் பிறகுதான் எனக்கே தெரிஞ்சது."

"அண்ணை சொன்னவர்" என்றேன். சொல்லி முடிக்க முதலே எனக்கு விளங்கிவிட்டது. அவன் உடலைக் கண்டதே பெட்டிக்குள் தலை கட்டிய பிறகுதான் என்று அவனே பொலிசுக்குச் சொல்லியிருந்தான். டொக்டர் எனக்கு ஒன்றும் விளக்கவில்லை, தன் கெட்டித்தனத்தைக் காட்டவுமில்லை. "அம்மா சொன்னதை எழுதுங்கோ" என்று பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்னார். தன்னைத் திட்டி எழுதிய ஒரு மனுவை அவர் மற்ற எந்தத் தடயத்தையும் போலவே வரி வரியாகப் பார்த்திருக்கிறார். நாங்கள் என்றால் முதல் வரியிலேயே கோபப்பட்டுக் கிழித்துப் போட்டிருப்போம்.

அதன்பிறகு பொலிஸ் அவன் வளவைத் தோண்டியது. வேலி அடைக்கக் கிடங்கு போடுகிற நீட்டு இரும்பு அலவாங்கு அவனுடைய எருக்கும்பிக்குள் கிடந்தது. அந்த இரும்பையும் மண்டையோட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று டொக்டர் கேட்க, நீதவான் உத்தரவிட்டார். குகனைப் புதைத்து எட்டு மாதமான பிறகு கிடங்கைத் திறந்தார்கள். நானும் போனேன். பெட்டி தெரியத் தொடங்கியதும் டொக்டர் குடையை மடக்கிவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்கள் பாக்க வேண்டாம். நான் பாக்கிறன், அது காணும்."

மயான மதிலுக்கு வெளியே நின்றேன். அன்று எரித்திருந்தால் மதிலுக்கு உள்ளே பார்ப்பதற்கு என்ன இருந்திருக்கும்? நான் சாம்பலை ஒரு மண்முட்டிக்குள் அள்ளிக் கீரிமலைக் கடலில் கரைத்திருப்பேன். கொலைகாரனும் என்னோடு கூட வந்து கடலில் முழுகியிருப்பான். இரண்டு மணித்தியாலம் கழித்து டொக்டர் வெளியே வந்தார். எலும்பில் இருந்த பள்ளமும் அலவாங்கின் மொட்டைப் பக்கமும் பொருந்துகின்றன என்று சொன்னார். வேறு ஒரு சொல்லும் கூடச் சொல்லவில்லை.

எனக்கு அது போதவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "துடிதுடிச்சுச் செத்தவன் எண்டு எழுதுங்கோ, டொக்டர். அப்பதான் அவனுக்குப் பெரிய தண்டனை கிடைக்கும்."

"துடிக்கேல்லை, அம்மா. முதல் அடியோடை நினைவு போயிருக்கும். தண்ணிக்குள்ளை போட முதலே உயிரும் போட்டுது. அதைத்தான் எழுதுவன்."

"எனக்காக ஒரு வரி எழுதக்கூடாதோ?"

"உங்களுக்காகவும் எழுத மாட்டன்."

அன்று அவர்மேல் மறுபடியும் கோபம் வந்தது. என்ன மனுஷி இவள், கல்லோ என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நான் கெஞ்சியும் எனக்காகப் பொய் எழுத மறுத்தவர் சொன்னதால்தான், என் தம்பி துடிக்கவில்லை என்பதை நான் நம்புகிறேன். நம்பித்தான் நித்திரை கொள்கிறேன்.

நீதவான் மன்றில் அவர் சாட்சி சொன்ன நாளையும் சொல்லவேண்டும். எதிரியின் சட்டத்தரணி என் மனுவைத் தூக்கிக் காட்டி, "இறந்தவருடைய சொந்த அக்காவே உங்களை நம்பவில்லையே" என்று கேட்டார். நான் பின்னால் வாங்குப் பலகையில் தலை குனிந்து இருந்தேன். டொக்டர் சொன்னார்: "ஓம். அதை எழுதினவ இஞ்சைதான் இருக்கிறா. சொல்லிக் குடுத்தவரும் இஞ்சைதான் இருக்கிறார்." கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி நீதவான் சொல்ல, மன்னிப்புக் கேட்டார். அவர் தன் அளவை மீறி ஒரு வசனம் கதைத்ததை நான் அந்த ஒரு முறைதான் கண்டேன். எதிரிக் கூட்டுக்குள் நின்றவனின் முகம் போன போக்கையும் கண்டேன். அதை நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்படுவது பாவமென்றால் அந்தப் பாவத்தை நான் தினமும் செய்கிறேன்.

நீதவான் மன்றில் ஆரம்ப விசாரணை முடிந்து, இப்போது வழக்கு மேல் நீதிமன்றத்தில் இருக்கிறது. டொக்டர் போனதோடு எல்லாம் முடிந்தது என்று வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவன் நிம்மதியாகச் சாப்பிடுகிறான். அவனுக்கு ஒரு செய்தி சொல்லிவைக்கிறேன். சத்தியம் செய்து, குறுக்கு விசாரணையும் முடிந்து, பதிவாகிவிட்ட சாட்சியம் அது. சொன்னவர் இறந்தாலும் மேல் நீதிமன்றத்தில் அதை வாசிக்கக் கேட்கலாம் என்று அரச சட்டத்தரணி எனக்குச் சொல்லிவிட்டார்.

ஆனாலும் செத்தவீட்டுக்குப் போய் வந்த அன்று எங்கள் சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டொக்டரும் இல்லை. வாசிக்கிறதை நம்பியிருக்க ஏலாது, பிள்ளை. குகனைக் கிணத்திலை கண்டதுக்கு முதல் நாள் பின்னேரம் உவன் அலவாங்கோடை கிணத்தடியிலை நிண்டதைக் கண்டனான் எண்டு நீ சொல்லு. ஆர் இல்லையெண்டு சொல்லப் போறான்?"

நான் காணவில்லை. அந்தப் பின்னேரம் நான் கோயிலில் நின்றேன். ஆனால் சித்தப்பா சொன்னது எனக்கு இனித்தது. மூன்று நாள் அந்தப் பொய்யை மனதுக்குள் வைத்து வளர்த்தேன். அவன் கட்டியிருந்த சாரத்தின் நிறம்வரைக்கும் யோசித்துவிட்டேன். அவன் அழியவேண்டும் என்ற ஆசை எனக்கு அவ்வளவு இருக்கிறது, இன்னும் இருக்கிறது. டொக்டரின் படத்துக்கு முன்னால் நின்று மன்னித்துவிட்டேன் என்று எழுதக்கூடியவள் நானில்லை. அவரும் என்னிடம் ஒருநாளும் மன்னிக்கச் சொல்லவில்லை.

டொக்டர் தவமலரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அவருடைய பொறுமையை அல்ல, அது எனக்கு வராது. காணாததைக் காணவில்லை என்று சொல்கிற அந்தப் பிடிவாதத்தை எடுத்துக்கொள்கிறேன். அடுத்த தவணையில் சாட்சிக் கூட்டில் ஏறி, அன்று அவனைக் கிணற்றடியில் காணவில்லை என்றே சொல்வேன். நான் பொய் சொன்னால், 'இவள் பொய் சொல்கிறாள்' என்று அவன் சொல்வது உண்மையாகிவிடும். இந்த வழக்கில் அவன் வாயிலிருந்து வரக்கூடிய ஒரே உண்மை அதுதான். அந்த ஒன்றையும் அவனுக்கு நான் கொடுக்க மாட்டேன்.