நேரில் வரணும்

மூன்றாம் ஜன்னல் அக்கா என்றால் எங்கள் அலுவலகத்தில் மேலதிகாரியே குரலைத் தாழ்த்துவார். வாய் அப்படி! நடக்க முடியாதவர்களுக்கு அரசாங்கம் தரும் சக்கர நாற்காலிக்கு அவளிடம்தான் வர வேண்டும். வீட்டு ஆட்கள் யாராவது மனுவை நீட்டினால், "சம்பந்தப்பட்ட ஆள் நேர்ல வரணும்" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். பக்கத்து இருக்கைக்காரி எனக்கே அது மனப்பாடம்.

அவளுடைய மகள் கல்லூரியில் அரசுத் திட்டங்களைப் பற்றி ஆராய்கிறாள். மேலே போட்ட உத்தரவு கீழே வருவதற்குள் எங்கே நழுவுகிறது என்று தேடுவது ஆராய்கிறவர்களில் ஒரு கட்சியாம். ஜன்னலில் இருப்பவர் செய்வதுதான் திட்டமே, அங்கிருந்து பார் என்பது இன்னொரு கட்சியாம்.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும்ல, அதைத்தான் படிக்கிறியா?" என்றேன்.

"அப்போ நான்தான்டி அரசாங்கம்!" அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா வேலை செய்யும் அழகைப் பார்க்கட்டும் என்று மகளைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள்.

அன்று ஒருவர் தன் தாயை முதுகில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி வந்தார். முந்தின வாரம் தனியாக வந்து அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர். அந்த அம்மாள் மகன் கழுத்தை இறுகப் பிடித்திருந்தார். உடுத்தியிருந்த துணி நனைந்திருந்தது. வழியில் அடக்க முடியவில்லை போலும். வரிசையில் இருந்தவர்கள் விலகி நின்றார்கள்.

மகள் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, உத்தரவை முழுசா படிச்சேன். நேர்ல வரணும்னு எங்கயுமே இல்லையே?"

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. "கூட்டம் தாங்கலைடி. ஒரு நாள் சும்மா சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் திரும்பி வரலை. அப்படியே பழகிடுச்சு."

"வராதவங்க என்னம்மா ஆனாங்க?"

அடிப்பாவி, இத்தனை வருஷமும் நான் அதைச் சட்டம் என்றல்லவா நம்பியிருந்தேன்! எனக்கே கூசியது.

அக்கா எழுந்து உள்ளே போய்ப் புது நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். மகன் தாயை இறக்கப் போனார். அந்த அம்மாள் உட்கார மறுத்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புதுசு, அழுக்காயிடும். கீழ ஒரு துணி போட்டுடுங்கம்மா. நேர்ல வரச் சொன்னீங்கன்னு வந்தேன், கோவிச்சுக்காதீங்க."

மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை.